அறுபது நாள் ஆய்வுக்கூடம்

கோடை விடுமுறையில் மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழையும் பட்டப்படிப்பு மாணவர்கள் அங்கே முதலில் கற்பது, தோல்வியை மறைக்காமல் எழுதி வைக்கும் பழக்கம். திருவனந்தபுரத்தில் ஒரு மாணவி கழித்த இரண்டு மாதம் இது.

ஜூன் முதல் வாரம். திருவனந்தபுரத்தில் பருவமழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. ஆய்வுக்கூடத்தில் இன்குபேட்டரைத் திறந்த 19 வயது மாணவிக்குப் பகீரென்றது. முந்தின நாள் ரோஜா நிறத்தில் அவர் வைத்துவிட்டுப் போன திரவம், ஆறு குழாய்களில் மூன்றில் மஞ்சளாகியிருந்தது. "கிருமி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். யாரும் பார்ப்பதற்குள் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது" என்கிறார் அவர்.

கொட்டவில்லை. குழாயை எடுத்துக்கொண்டு போய் வழிகாட்டியான பெண் விஞ்ஞானியிடம் காட்டினார். அவர் திட்டவில்லை. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கலங்கியிருக்கிறதா?"

கலங்கவில்லை. தெளிவான மஞ்சள். அந்த இரண்டு மாதத்தின் உண்மையான பாடம் அங்கேதான் தொடங்கியது.

திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டை முடித்த கையோடு வந்தவர் அவர். (அவர் விருப்பப்படி பெயரும், ஆய்வுக்கூடத்தின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன.) அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவர்தான். பட்டம் வாங்கியதும் பி.எட். சேர வேண்டும் என்பது வீட்டில் ஏற்கனவே முடிவான விஷயம். "இந்த ரெண்டு மாசம் மட்டும் போய்ட்டு வாரேன்" என்று கேட்டுத்தான் அனுமதி வாங்கியிருக்கிறார். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அத்தை வீடு இருந்ததால் அப்பாவும் தலையாட்டினார். வத்தலும் மல்லியும் மணக்கும் அந்தத் தெருவிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு பஸ் ஏறி, ஆல்கஹால் வாடை வீசும் கண்ணாடி அறைக்குள் நுழைவது அவர் வாடிக்கையானது.

மருத்துவ ஆராய்ச்சிக்கு இந்த நகரத்தைத் தேடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-ல் கொடுத்த கட்டடத்தில் உருவாகி, 1976-ல் நோயாளிகளுக்குக் கதவு திறந்தது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம். 1980-ல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. அரச குடும்பம் தந்த பூஜப்புரை அரண்மனையில் அதன் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு அமைந்தது. மருத்துவரும் பொறியாளரும் ஒரே நிறுவனத்தில் வேலை செய்யும் ஏற்பாடு அப்போது இந்தியாவுக்குப் புதிது. ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம், மண்டலப் புற்றுநோய் மையம், விதுராவில் ஐசர் எனப்படும் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் என்று பட்டியல் நீளும். நாகர்கோவில், திருநெல்வேலிப் பிள்ளைகளுக்குச் சென்னையைவிட இந்த நகரம் பக்கம். ஆனால் இங்கே இப்படியெல்லாம் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

தண்ணீரை எடைபோட்ட வாரம்

முதல் வாரம் முழுக்க அவருக்குக் கிடைத்த வேலை தண்ணீரை அளப்பது. பிப்பெட் என்ற கைக்கருவியால் 100 மைக்ரோலிட்டர் தண்ணீரை உறிஞ்சித் தராசில் விட வேண்டும். 100 மில்லிகிராம் காட்ட வேண்டும். 96 வந்தால் கை பழகவில்லை என்று அர்த்தம். "புற்றுநோய்க்கு மருந்து தேடப் போகிறேன் என்று தோழிகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். இங்கே வந்தால் தண்ணீர்!" என்று சிரிக்கிறார்.

இரண்டாவது வாரம் செல்களைச் சந்தித்தார். எல்929 என்பது அவற்றின் பெயர். 1940-களில் அமெரிக்காவில் ஒரு சுண்டெலியின் தோலடித் திசுவிலிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட செல்களின் வாரிசுகள் இவை. அந்தச் சுண்டெலி செத்து எத்தனையோ காலம் ஆயிற்று. அதன் செல்கள் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. 37 டிகிரி வெப்பம், 5 சதவீதக் கார்பன் டை ஆக்ஸைடு, வேளாவேளைக்குப் புது ஊட்டத்திரவம் - கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானாலும் செல்லுக்குப் பசிக்கும். அத்தைக்கு இது புரியவே இல்லை. "ஏட்டி, லீவு நாள்லகூட எலிக்குச் சோறு வைக்கவா போற?" என்று கேட்டாராம்.

இந்தச் செல்களுக்கு முக்கியமான ஒரு வேலை உண்டு. மனித உடலுக்குள்ளோ, காயத்தின் மேலோ வைக்கப்போகும் எந்தப் பொருளும் முதலில் இவற்றிடம் பரீட்சை எழுத வேண்டும். புதுப் பொருளை ஊட்டத்திரவத்தில் ஒரு நாள் ஊறவைத்து, அந்த ஊறல் திரவத்தைச் செல்கள் மேல் விடுவார்கள். மறுநாள் ஒரு மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிரோடு இருக்கும் செல்கள் அதை ஊதா நிறமாக்கும். செத்த செல்களால் முடியாது. ஊதா எவ்வளவு அடர்த்தி என்று கருவி அளந்து சொன்னால், எத்தனை பங்கு பிழைத்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும். 1983-ல் வெளியான இந்த முறையை எம்.டி.டி. சோதனை என்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 10993 என்ற சர்வதேசத் தர விதியின்படி, பிழைத்தவை 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பொருள் செல்லுக்கு நஞ்சு.

மாணவியிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் கைட்டோசான். இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்படுவது. ரத்தம் நிற்கவும் காயம் ஆறவும் உதவக்கூடியது. இறால் உரித்து ஓட்டைக் குப்பையில் கொட்டும் கடற்கரை ஊர்களுக்கு இது லாபமான சங்கதி. கைட்டோசான் சாதாரணத் தண்ணீரில் கரையாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தில், கரைத்துத் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடித்தாள் போன்ற படலம் கிடைக்கும். அதைச் செய்து, செல்கள் தாங்குகின்றனவா என்று பார்ப்பதுதான் கோடைக்கால வேலை.

படலத்தை ஊறவைத்த குழாய்கள்தான் மஞ்சளாகிப் போனவை.

புளித்த மாவும் புளித்தண்ணீரும்

ஊட்டத்திரவத்தின் ரோஜா நிறத்துக்குக் காரணம் அதில் கலந்திருக்கும் ஃபீனால் ரெட் என்ற சாயம். திரவத்தில் அமிலம் ஏறினால் அது மஞ்சளாகும். கிருமிகள் விழுந்து பெருகினாலும் அவை அமிலத்தை வெளிவிடும், அப்போதும் மஞ்சளாகும். ஆனால் கிருமி என்றால் திரவம் கலங்கும்.

சமையலறையில் இதற்கு உதாரணம் உண்டு. இட்லி மாவு புளிப்பது நுண்ணுயிரால். புளியைக் கரைத்த தண்ணீர் புளிப்பதற்கு நுண்ணுயிர் தேவையில்லை. இரண்டும் புளிப்புதான்; காரணம் வேறு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கிருமி இல்லை. படலம் இல்லாத மூன்று குழாய்கள் ரோஜா நிறம் மாறாமல் இருந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. படலத்தைத் தயாரிக்கும்போது சேர்த்த அமிலம் முழுக்கப் போகாமல் அதற்குள்ளேயே தங்கிவிட்டிருக்கிறது. அது மெல்லக் கசிந்து திரவத்தைப் புளிக்க வைத்திருக்கிறது.

"அந்தத் திரவத்தையும் செல்மேல் விட்டுப் பார்" என்றார் வழிகாட்டி. விட்டார். பெரும்பாலான செல்கள் செத்தன. ஊதா நிறம் வரவேண்டிய குழிகள் வெளிறிக் கிடந்தன. காயத்துக்கு மருந்தாக வேண்டிய பொருள் செல்லைக் கொல்கிறது. கொன்றது கைட்டோசான் அல்ல, கழுவப்படாத அமிலம் என்பதை இனி நிரூபிக்க வேண்டும்.

"கல்லூரி பிராக்டிகலில் விடை முன்கூட்டியே தெரியும். டைட்ரேஷன் அளவு சரியாக வராவிட்டால் பக்கத்து மேஜையைப் பார்த்துத் திருத்திக்கொள்வோம். இங்கே யாரைப் பார்த்து எழுதுவது? மேடத்துக்கே விடை தெரியாது" என்கிறார் மாணவி. வழிகாட்டிக்குத் தெரியாத கேள்வி ஒன்று தன் கையில் இருக்கிறது என்பதுதான் அவரை உலுக்கிய விஷயம்.

அடுத்த இரண்டு வாரம் படலங்களைச் சோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் நனைத்து அமிலத்தைச் சமன்செய்தார். பிறகு வடிநீரில் திரும்பத் திரும்பக் கழுவினார். கழுவிய தண்ணீர் அமிலமும் இல்லை, காரமும் இல்லை என்று தாள் காட்டும்வரை கழுவினார். அப்படிக் கழுவிய படலத்தை ஊறவைத்தபோது திரவம் ரோஜா நிறத்திலேயே நின்றது. செல்கள் பிழைத்தன. வரைபடத்தில் 70 சதவீதக் கோட்டுக்கு மேலே தூண் எழுந்து நின்றதைப் பார்த்த அன்று, மழையில் நனைந்துகொண்டே சாலைக்கு நடந்து போனாராம்.

சந்தோஷம் ஒரு வாரம் தாங்கவில்லை.

நிஜமாகவே கலங்கியபோது

ஒரு சோதனையை ஒரு தடவை செய்தால் போதாது. மூன்று முறை தனித்தனியாகச் செய்து, மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது முறைக்காகச் செல்களை எடுக்கப் போனபோது குடுவை மஞ்சளாக இருந்தது. இந்த முறை கலங்கலும் இருந்தது. நிஜமான கிருமி.

அதே இன்குபேட்டரில் மூத்த ஆராய்ச்சி மாணவி ஒருவர் வாரக்கணக்கில் வளர்த்த செல்களும் இருந்தன. அவருடைய இரண்டு குடுவைகளும் போய்விட்டன. "சேச்சி" என்று இவர் கூப்பிடும் அந்த ஆராய்ச்சி மாணவி எதுவும் பேசவில்லை. குடுவைகளைக் கிருமிநீக்கத்துக்கு அனுப்பிவிட்டு, இன்குபேட்டர் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆல்கஹாலால் துடைத்தார். பக்கத்தில் நின்று துடைத்த மாணவிக்கு அழுகை முட்டியது.

காரணம் அவருக்குத் தெரியும். அவசரத்தில் ஊட்டத்திரவப் பாட்டிலை, சுத்தமான காற்று ஓடும் பெட்டிக்கு வெளியே வைத்து ஒரு தடவை திறந்திருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மழைக்காலத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்று முடிந்திருக்கும். அன்று மாலை குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதினார்: பாட்டில் வெளியே திறக்கப்பட்டது. எழுதிய பக்கத்தைச் சேச்சியிடம் காட்டினார். "நாளைக்கு ஒன்பது மணிக்கு வா மோளே. பாட்டிலைத் திறப்பதிலிருந்து மறுபடி சொல்லித் தருகிறேன்" என்பதுதான் பதில்.

ஆய்வுக்கூடக் குறிப்பேட்டுக்குக் கறாரான சட்டங்கள் உண்டு. பேனாவால்தான் எழுத வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாம். அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது. நோட்டு ஆய்வுக்கூடத்துக்கே சொந்தம்; வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. தேர்வில் தப்பு என்பது மறைக்க வேண்டிய விஷயம். இங்கே அது அடுத்து வருகிறவருக்கு விட்டுப்போகும் எச்சரிக்கை.

தோற்ற மூன்று வால்வுகள்

இதற்கு இந்த நகரமே சாட்சி. ருமாட்டிக் காய்ச்சலால் இளம் வயதிலேயே இதய வால்வு பழுதாகும் ஏழைகளுக்கு இறக்குமதி வால்வு எட்டாக்கனியாக இருந்த காலத்தில், சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் முதல் இயக்குநரான அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தானும் பொறியாளர் ஜி.எஸ். புவனேஷ்வரும் அவர்களது குழுவும் இந்திய வால்வு செய்ய இறங்கினார்கள். இதயம் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு திறந்து மூட வேண்டும்.

முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. ஒன்றில் பற்றவைத்த இடம் விட்டுப்போனது. ஒன்றில் உலோகம் தேய்ந்தது. இன்னொன்றில், ஆட்டின் இதயத்தில் பொருத்திய பிறகு வட்டே உடைந்தது. ஒவ்வொரு தோல்வியும் எந்த உலோகம், எந்த வட்டு, எங்கே முறிந்தது என்ற கணக்கோடு பதிவானதால்தான் நான்காவது வடிவம் சாத்தியமானது. கோபால்ட் உலோகக் கலவைக் கூட்டுக்குள் பிளாஸ்டிக் வட்டு வைத்த அந்த வால்வு, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. குழுமம் தயாரித்த அந்தச் சித்ரா வால்வு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மார்புக்குள் போயிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

கோடை விடுமுறை மாணவர்களுக்கும் மருத்துவ வரலாற்றில் இடம் உண்டு. 1921 மே மாதம் டொராண்டோவில் ஃபிரடெரிக் பாண்டிங் என்ற மருத்துவருக்கு உதவியாளராகச் சேர்ந்த சார்லஸ் பெஸ்டுக்கு வயது 22. பட்டத் தேர்வை அப்போதுதான் முடித்திருந்தார். பெஸ்டா, இன்னொரு மாணவரான கிளார்க் நோபிளா, யார் முதலில் போவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்ததாகச் சொல்வார்கள். முதல் வாரங்களில் பரிசோதனைக்குள்ளான 10 நாய்களில் 7 இறந்தன. கோடை முடிவதற்குள் கணையச் சாறு நாயின் ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போட்ட முதல் ஊசி பலன் தரவில்லை. ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்த மருந்து அதே மாதம் பலித்தது. அதுதான் இன்சுலின். 1923 நோபல் பரிசு பாண்டிங்குக்கும் பேராசிரியர் மெக்லியாடுக்கும் போனது. பாண்டிங் தன் பரிசுத் தொகையைப் பெஸ்டுடன் பங்கிட்டுக்கொண்டார்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஜே மெக்லீன், ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப் போய், உறையாமல் தடுக்கும் ஒன்றைக் கண்டு 1916-ல் எழுதினார். இதய அறுவை சிகிச்சைக்கு இன்றியமையாத ஹெப்பாரினுக்கு வழி அங்கிருந்துதான் திறந்தது. எதிர்பாராத விடையைக் கொட்டிவிடாமல் எழுதி வைத்ததே அவர் செய்த பெரிய காரியம்.

யாருக்குக் கிடைக்கிறது இந்தக் கோடை?

வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம் 1995-ல் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையைத் தொடங்கியது. 2007 முதல் நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து அதை நடத்தி வந்திருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு மாணவரை ஒரு விஞ்ஞானியோடு இணைத்து விடுவதே ஏற்பாடு. கல்லூரி ஆசிரியர்களுக்கும் இதில் இடமுண்டு. பெங்களூர் ஜவாஹர்லால் நேரு மையம் போன்றவை தனியாகத் திட்டம் நடத்துகின்றன. இளம் விஞ்ஞானிகளை ஊக்குவிக்க 1999-ல் தொடங்கிய கே.வி.பி.ஒய். திட்டம் 2022-ல் முடிவுக்கு வந்து, இன்ஸ்பயர் திட்டத்தோடு சேர்க்கப்பட்டது. நேரடியாக மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் ஆய்வுக்கூடங்களும் உண்டு. அவற்றில் சில கட்டணம் வாங்குகின்றன.

முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருக்கிறது. மே மாத வேலைக்கு முந்தைய ஆண்டு நவம்பர், டிசம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். "என்ன ஆராய்ச்சி செய்ய ஆசை?" என்று ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பெருநகரக் கல்லூரிகளில் சீனியர்கள் இதையெல்லாம் சொல்லித் தருகிறார்கள். சிற்றூர்க் கல்லூரியில் அறிவிப்புப் பலகைக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் தேதி போய்விடுகிறது. செமஸ்டர் தேர்வு ஜூன் வரை இழுத்தால் கிடைத்த இடமும் வீண். தங்க இடம் பெரிய செலவு. பெண் பிள்ளையானால் வீட்டில் முதல் கேள்வியே அதுதான். இந்த மாணவி விண்ணப்பித்தது, கல்லூரிக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் வகுப்பில் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தையால். தங்கியது அத்தை வீட்டில். ஆசிரியையும் அத்தையும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

கடைசி வாரம் குழுவின் முன் 15 நிமிடம் பேசினார். நல்லபடியாக முடிந்த சோதனைகள் இரண்டு. மூன்றாவதற்கு நாள் போதவில்லை. அதையும் திரையில் எழுதியே காட்டினார். "இவ்வளவு கழுவிய பிறகு படலத்தின் உறுதி குறைந்திருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார். "தெரியாது சார். பார்க்கவில்லை" என்றார். உட்காரும்போது கை நடுங்கியது. அந்தக் கேள்விதான் அடுத்து வரும் மாணவருக்கான வேலை என்று வழிகாட்டி குறித்துக்கொண்டார்.

ஜூலையில் அழைத்துப்போக அப்பா வந்தார். சாலைத் தெரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "எம்மா, ரெண்டு மாசத்துல என்னத்தக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். மகள் குறிப்பேட்டின் நகலை எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலம் அவருக்குப் படிக்க வராது. தேதிகளையும் எண்களையும், ஒற்றைக் கோடு போட்டு அடித்த வரிகளையும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"அடிச்சது எல்லாம் அப்படியே தெரியுது. நம்ம கடைக் கணக்கு மாதிரில்லா இருக்கு" என்றார்.

பி.எட். பற்றி ரயிலில் அவர் பேச்செடுக்கவில்லை. மகள் இப்போது மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டே எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறார். அவர் கையால் எழுதி ஒட்டிய தாள் ஒன்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அடுத்த கோடைக்கு எங்கெங்கே, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற பட்டியல் அது.